அரைக்கட்டை கீழே

ஜனவரி 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். அடித்து ஓய்ந்த பிறகு "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று ஒரு செய்தி தட்டிவிடுவாய். காது சோதிக்கிற கிளினிக்கில் வாரம் முழுக்க அப்படி என்னதான் மீட்டிங்கோ. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். "இந்தக் காலத்துல யாரு லெட்டர் எழுதுறா?" என்று உன் அண்ணன் சிரித்தார். ஸ்டாம்பு வாங்கிவர அவரையே அனுப்பினேன், சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். மொட்டைமாடி மறுபடியும் பாடுகிறது.

ஆமாம், நம் மொட்டைமாடிதான். நாம் நாலு பேரும் துணி காயப்போடும் இடத்தில் நின்று பாடிப் பழகி, அந்த இடத்தின் பேரையே குழுவுக்கு வைத்தோமே, அதேதான். வாத்தியாரம்மாவின் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பிள்ளைகள் நம் "கொடிக்கயிறு" பாட்டைப் பாடினார்களாம். "கீச்சு கீச்சுன்னு கத்துதுங்க, எனக்கு அழுகையே வந்துருச்சு" என்று அவள் நேரே நம் வீட்டுக்கு வந்து நின்றாள். டப்பாவைக் கூப்பிட்டோம். அவன் இப்போது டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். அன்று வாயாலேயே தாளம் போட்டு மேடையை அதிரவைத்தவன், இன்று அதே வாயால் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திக்கொண்டிருக்கிறான். மூன்று பேரும் நம் கூடத்தில் உட்கார்ந்து சும்மா ஒரு வரி பாடிப்பார்த்தோம். அதன்பிறகு யாருக்கும் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பதிவு நடக்கிறது. முன்பு டயர் கோடவுனாக இருந்த இடம், சுவரில் இன்னும் ரப்பர் வாடை. ஆல்பத்தின் பெயர் "தரைத்தளம்". பேரைக் கேட்டதுமே உனக்குப் புரிந்திருக்கும். கைதட்டல் கிடையாது, துள்ளல் கிடையாது, உச்சியில் போய் நின்று கூவுவது கிடையாது. எல்லாம் கீழே, பேச்சுக்குப் பக்கத்தில், மெதுவாக. கம்பெனிக்காரர் வந்து நாலு பாட்டைக் கேட்டார். கண்ணை மூடி, தலையை ஆட்டி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். டப்பா வெளியே ஓடிப்போய் சிரித்துவிட்டு வந்தான்.

இதனுடன் ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். பாதி வெந்த பாட்டுகள்தான். கேள். கடைசிப் பாட்டு "தாழ்ப்பாள்". அதில் எங்கள் மூன்று பேருக்கும் கீழே ஒரு குரல் வரவேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். எனக்கு உன் குரல் வேண்டும். பழைய குரலைச் சொல்லவில்லை, இப்போது இருக்கிறதே அது. மார்ச் கடைசியில் கம்பெனிக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்குள் நீ வரவில்லை என்றால் அந்த இடத்தைக் கீபோர்டால் அடைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அத்தை நலம். சிடி பிளேயர் கெட்டுவிட்டது என்று தினமும் என் தலையைத் தின்கிறார்.

உன்,
அண்ணி


ஜனவரி 20

அண்ணிக்கு,

பார்சல் வந்தது. பென்டிரைவை நான் கேட்கவில்லை. திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்கிறீர்கள். எடுத்தால் நீங்கள் நான் சொல்வதைக் கேட்கமாட்டீர்கள், என் குரலைக் கேட்பீர்கள். எங்கே உடைகிறது, எங்கே காற்று போகிறது, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மனசுக்குள் அளந்துகொண்டே "உம், உம்" என்பீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா. எழுத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

எழுத்தில் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். தைராய்டு கட்டியை எடுத்தபோது என் குரலின் மேல்பாதி அதோடு போய்விட்டது. அதற்காக டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் மேல்தான். ஆபரேஷனுக்குப் பிறகு நாம் மேடை ஏறியபோது, ஆரம்ப சுருதி கொடுக்கிற அந்த ஊதுகுழல் உங்கள் கையில்தான் இருந்தது. என் குரலுக்கு எட்டட்டும் என்று நீங்கள் அரைக்கட்டை கீழே ஊதினீர்கள். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் இன்னொரு அரைக்கட்டை. சபையில் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியாமல் போகுமா? என் காதைப் பற்றி மற்றவர்கள் சந்தேகப்படலாம், நீங்கள் படலாமா? டப்பாவும் வாத்தியாரம்மாவும் ஒன்றும் நடக்காததுபோல் பாடினார்கள். மூன்று பேரும் சேர்ந்து ஒரு நோயாளியைக் கைத்தாங்கலாக நடத்திப்போவதுபோல் இருந்தது. அதனால்தான் குழுவிலிருந்து நின்றேன்.

எனக்கு இங்கே வேலை இருக்கிறது. சத்தம் புகாத ஒரு சின்ன அறை, ஒரு கண்ணாடி ஜன்னல், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய யாரோ ஒருவர். "சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்" என்று சொல்வேன். அவ்வளவுதான் என் பாட்டு. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பி.கு. மூன்றாவது பாட்டு "லிஃப்ட் ரிப்பேர்". ஒவ்வொரு சரணத்துக்கும் அரைக்கட்டை இறங்குகிறது. மாடி மாடியாக இறங்கி வருகிறவனின் பாட்டு என்று வெளியாட்களிடம் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாமல் செய்ததை இப்போது ஊரறியச் செய்கிறீர்களா?


ஜனவரி 29

அன்புள்ள நாத்தனாருக்கு,

கேட்காத பென்டிரைவில் மூன்றாவது பாட்டு எத்தனை கட்டை இறங்குகிறது என்று கண்டுபிடித்த காதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. கிளினிக்கில் இதற்கென்று தனி மெஷின் இருக்கிறதா? "அன்புள்ள" போடாமல் விட்டதையும் பார்த்தேன். பரவாயில்லை, நான் போட்டதில் பாதியை எடுத்துக்கொள்.

இனி சண்டைக்கு வருகிறேன். ஆமாம், இறக்கினேன். இப்போது நீ எதிரே நின்றாலும் இறக்குவேன். உனக்குத் தொண்டை நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது, சபையில் கைதட்டுகிறார்கள், பக்கத்தில் நிற்கிற நான் என்ன செய்திருக்க வேண்டும்? மைக்கில் அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டுமா? இரக்கப்பட்டு இறக்கினேன் என்றுதானே நினைத்தாய்? முதல் அரைக்கட்டை அப்படித்தான். இரண்டாவது அப்படி இல்லை. அதை நீ கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

பழைய பாட்டுகளில் உன் குரல் மேலே பட்டம் மாதிரி பறக்கும். நாங்கள் மூன்று பேரும் கீழே நூலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடுவோம். ஊர் முழுக்க அண்ணாந்து உன்னைத்தான் பார்க்கும், நாங்களும்தான். சுருதி இறங்கிய அன்று முதல்முறையாக நீ எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றாய். நாலு குரலும் ஒன்றோடு ஒன்று ஒட்டியது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அடுத்த நிகழ்ச்சியில் இன்னொரு அரைக்கட்டை இறக்கினேன் என்றால், அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கும் பேராசையால்தான். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். "தரைத்தளம்" முழுக்க அந்த ஒரு நாள் சத்தத்தைத் தேடிப் போனதுதான். "லிஃப்ட் ரிப்பேர்" பற்றி நீ எழுதியது சரி. வேண்டுமென்றேதான் செய்தேன்.

சவுண்டு எஞ்சினியர் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நம் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவளாம். பாராட்டுவாள் என்று பார்த்தால், "தாழ்ப்பாள்" பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, "மேடம், இங்க யாரோ உக்காந்துட்டு எழுந்து போன மாதிரி இருக்கு" என்றாள். வாத்தியாரம்மா மூக்கை உறிஞ்சினாள். கீபோர்டுக்காரர் வந்து அந்த இடத்தை அடைத்துப்பார்த்தார். சிமெண்டு பூசியதுபோல் இருந்தது. கம்பெனிக்காரருக்கு மட்டும் அது பிடித்திருக்கிறது.

வீட்டில் வேறு கூத்து. அத்தை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பழைய சிடியைப் போட்டுக்கொள்வார், உனக்குத் தெரியும். இப்போது பாதிப் பாட்டில் என்னைக் கூப்பிடுகிறார். "சின்னது ஏன் இங்க நிறுத்திட்டா? மத்தவங்கதான் பாடுறாங்க, தட்டுறாங்க. இவளக் காணோமே" என்கிறார். நான் கேட்டால் நீ அங்கே உச்சியில் கணீரென்று பாடிக்கொண்டிருக்கிறாய். சிடி தேய்ந்துவிட்டது என்று புதியது வாங்கினோம். பிளேயரை மாற்றினோம். உன் அண்ணன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டார். ஒன்றும் சரியாகவில்லை. உன்னைப் பார்க்கிற ஏக்கத்தில் அத்தைக்கு மனசு தடுமாறுகிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன்,
அண்ணி


பிப்ரவரி 6

அண்ணிக்கு,

முதலில் அண்ணனைக் கடைப்பக்கம் போகவிடாதீர்கள். அந்தக் கடைக்காரர் பாவம். பிளேயரும் கெடவில்லை, அம்மாவின் மனசும் கெடவில்லை.

அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா? பிள்ளைகள் பேசினால் "வாய்க்குள்ளயே முனகுதுங்க" என்கிறாரா? நீங்கள் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல், அண்ணன் கூப்பிட்டால் மட்டும் திரும்புகிறாரா? இதெல்லாம் உண்டென்றால் அம்மாவுக்குக் காது குறைந்திருக்கிறது. வயதானால் முதலில் போவது உயர்ந்த சுருதிச் சத்தங்கள்தான். தினமும் என் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்படி யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்டாட்டி பேசுவது புரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது புரிகிறது என்பார்கள். வீட்டில் அதை வேறுமாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு பெரிய சண்டையே நடந்திருக்கும்.

"கொடிக்கயிறு" பாட்டில் அத்தனை கைதட்டல், டப்பாவின் தாளம், உங்கள் இரண்டு பேர் குரல். இதற்கெல்லாம் மேலே சன்னமாக நான். அம்மாவின் காதில் அந்த மேல்பகுதி மட்டும் மங்கி, மற்ற சத்தத்தில் மூழ்கிப்போயிருக்கும். அவர் சொல்வது உண்மைதான். அவருக்கு நான் அங்கே இல்லை.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா என்னிடம் ஒரே வார்த்தைதான் சொல்லிக்கொண்டிருந்தார். "சரியாயிடும்." காலையில் எழுந்ததும், "எங்க, ஒரு வரி பாடு பாப்போம்." நான் பாடுவேன், அவர் முகம் வாடும், உடனே சிரித்து, "சரியாயிடும்" என்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல்தான் இவ்வளவு தூரம் வந்து வேலை தேடிக்கொண்டேன். போனமுறை கல்யாணத்துக்கு வந்தபோதுகூடத் தொண்டை கட்டிவிட்டது என்று சைகையிலேயே ஓட்டினேன், நினைவிருக்கும். நான் இல்லாவிட்டாலும் அந்தக் குரல் சிடியில் அவரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இப்போது அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

சரி, ஆல்பம். கேட்டேன். ஒருமுறை இல்லை. மதிய இடைவேளையில் சோதனை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறேன். பேஷண்டு உட்காரும் நாற்காலியில் நான். வெளிச்சத்தம் ஒரு துளி வராது, உங்கள் மூன்று பேரையும் தவிர.

அண்ணி, இது பிரமாதம். வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. வாத்தியாரம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருந்தது என்று நமக்கு ஏன் தெரியாமல் போனது? அடுத்த அறையிலிருந்து யாரோ நம்மைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல் பாடுகிறாள். டப்பா முன்பெல்லாம் வாயில் வெடி வைத்ததுபோல் வெடிப்பான். இதில் நாக்கை ஒரு சொடுக்கு, பிறகு சட்டைமேல் விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். எவ்வளவு பெரிய வித்தைக்காரன் இத்தனை நாள் எவ்வளவு சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தான்! நீங்கள் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மூச்சு எடுப்பதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்த எஞ்சினியர் பெண்ணுக்கு என் வணக்கம். பழைய ரசிகர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். மறுபடி அதே துள்ளலைப் பாடியிருந்தால் நாலு பேர் கைதட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இதற்குக் கைதட்டக்கூட மறந்துபோவார்கள். பொறாமையாக இருக்கிறது என்று எழுதினால் சந்தோஷப்படுவீர்கள், எழுதிவிட்டேன்.

ஆனால் நான் வரமாட்டேன். என் குரல் பாட்டுக்கு உதவாது. பொத்தானை அழுத்தச் சொல்லத்தான் உதவும். அம்மாவை உடனே ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.


பிப்ரவரி 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். மனுஷன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நான் கூப்பிட்டால் அத்தை திரும்பாததை வைத்து இத்தனை நாளும் மனசுக்குள் என்னென்னவோ திட்டியிருக்கிறேன். அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

நீ சொன்னதைச் சோதித்துப்பார்த்தேன். அத்தையை உட்காரவைத்துப் பழைய பாட்டைப் போட்டேன். அதே இடத்தில் கையை விரித்தார், "பாரு, போயிட்டா." பிறகு "தரைத்தளம்" போட்டேன். அத்தை ஆடாமல் அசையாமல் கேட்டார். வாத்தியாரம்மாவை அடையாளம் சொன்னார். டப்பா சட்டையில் தட்டுவதைக்கூட, "யாரது, கதவத் தட்டுறது?" என்றார். என் மூச்சு கேட்டதும், "உனக்கு இன்னும் அந்த இழுப்பு போகலையாடி?" என்று விசாரித்தார். எல்லாம் கேட்கிறது அவருக்கு. பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்து, "இதுல சின்னது இல்லையா?" என்றார்.

"இல்ல அத்தை."

"ஏன்?"



அடுத்து நடந்ததைக் கேள். காது டாக்டர் என்றால் உன் கிளினிக்கை விட்டுவிட்டு நான் ஏன் வேறு இடம் தேட வேண்டும்? நேரம் வாங்கலாம் என்று உங்கள் நம்பரைப் போட்டேன். கையில் மாவு, அதனால் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. பதிவுசெய்த குரல் ஒன்று வந்தது. "வணக்கம். நீங்கள் அழைத்த நேரத்தில் எங்கள் ஊழியர்கள் எல்லோரும்..." என்று ஆரம்பித்தது. அத்தை தலையைத் தூக்கினார். "யாருடி இந்தப் பொண்ணு? என்ன தெளிவா பேசுறா! ஒவ்வொரு எழுத்தும் காதுல விழுது. நல்ல குரல்" என்றார்.

"அத்தை, அது சின்னது" என்றேன்.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் நின்றுவிட்டது. "மறுபடி போடு" என்றார். போட்டேன். "மறுபடி." நான் கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் தானே அழுத்தக் கற்றுக்கொண்டுவிட்டார். அன்று காலை முழுக்க உங்கள் கிளினிக்குக்கு வந்து வந்து அறுந்த அழைப்பெல்லாம் நம் வீட்டிலிருந்துதான். ரிசப்ஷனில் யாராவது வைதிருந்தால் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு.

"சரியாயிடும்" என்று அத்தை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பக்கத்திலேயே இருந்தேன், அதனால் எழுதுகிறேன். என் பாட்டுக்காக உன்னைத் தாஜா பண்ணுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். பாட்டும் எனக்கு வேண்டும்தான். அதை மறைக்கமாட்டேன்.

உன்,
அண்ணி


பிப்ரவரி 25

அண்ணிக்கு,

"வெற்று அழைப்பு வருது, யாரோ மூச்சு மட்டும் விடுறாங்க, போலீஸ்ல சொல்லலாமா?" என்று ரிசப்ஷன் பெண் என்னிடம்தான் வந்து கேட்டாள். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அந்த மூச்சு யாருடையது என்று தெரிந்தது. போய்ச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. மதியம் வந்தது, சோதனை அறைக்குள். அங்கே அழுதால் வெளியே கேட்காது, அது ஒரு சௌகரியம்.

அந்தப் பதிவை நான் விருப்பப்பட்டுப் பேசவில்லை. பேச வேண்டியவர் லீவில் போய்விட்டார், என் தலையில் கட்டிவிட்டார்கள். பிறகு மாற்றச் சொல்லிக் கேட்டேன். வயதானவர்கள் யாரும் மாற்றவிடவில்லை, இந்தம்மா பேசுவதுதான் புரிகிறது என்று சொல்லிவிட்டார்களாம். என் இறங்கிய குரல்தான் அவர்கள் காதுக்கு எட்டுகிறது என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மார்ச் இரண்டாம் வாரம் லீவு சொல்லியிருக்கிறேன். சோதனை மெஷினைக் கிளினிக்கில் இரவல் கேட்டு எடுத்து வருகிறேன். அம்மாவின் காதை நானே பார்க்கிறேன். வேறு யார் பார்த்தாலும் அம்மா பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் பொத்தானை அழுத்திவிடுவார்.

கோடவுனுக்கும் வருகிறேன். அதற்குச் சில நிபந்தனைகள். எனக்காகச் சுருதியைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதாக இருந்தால் எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்ல வேண்டும். அப்புறம், டப்பா என்னைப் பார்த்ததும் அழக்கூடாது. அவன் அழுதால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், மூச்சு கெட்டுப்போகும். பாடிப்பார்த்து நன்றாக இல்லை என்றால் கீபோர்டுக்காரரைக் கூப்பிட்டுவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது அண்ணி.


மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் தண்டவாளத்தைத் திட்டுங்கள்.

அம்மாவை நான் சோதித்ததை நீங்கள் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று நடந்தது. சத்தம் கேட்டதும் அழுத்துங்கள் என்றால், அம்மா என் முகத்தையே பார்த்து, நான் எப்போது கண்ணைச் சிமிட்டுகிறேன் என்று கவனித்து அழுத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் பாஸ். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. முடிந்ததும், "ஃபெயிலாயிட்டேனா?" என்றார். "பாதி பாஸும்மா" என்றேன். "கீழ்ப்பாதியா, மேல்பாதியா?" என்று கேட்டார். "கீழ்ப்பாதி." "உன்ன மாதிரியேவா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வாட்டம் இல்லை. நான் அந்த முகத்தை ரொம்ப நேரம் பார்த்தேன்.

கோடவுனில் நீங்கள் ஊதுகுழலைக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுப்பதுபோல், "அரைக்கட்டை எறக்குறேன். எல்லாருக்கும் கேட்டுச்சா? யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?" என்று கத்தினீர்களே. டப்பா கையைத் தூக்கி, "எனக்கு இருக்கு, இன்னொரு அரைக்கட்டை எறக்குங்க" என்றானே. அப்போதுதான் என் தொண்டை இளகியது. அவன் அழவும் செய்தான், நிபந்தனையை மீறியதற்கு அவனை விடப்போவதில்லை.

நான் பாடியது எப்படி இருந்தது என்று நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. எஞ்சினியர் பெண் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நீங்கள் ஜன்னல் பக்கம் போய்விட்டீர்கள். சரியில்லை என்றால் சொல்லுங்கள். கீபோர்டுக்காரர் என்ன சொன்னார்?


ஏப்ரல் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

"அன்புள்ள" வந்துவிட்டதைக் கவனித்தேன். உன் அண்ணனுக்கும் காட்டினேன்.

கீபோர்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்டாயல்லவா. அவர் பூசியதை அவரே எடுத்துவிட்டார். கேட்டுவிட்டு, "இங்க எனக்கென்ன வேலை?" என்று வயரைச் சுருட்டினார். நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்றும் கேட்டிருக்கிறாய். அன்று மேடையில் ஒருமுறை கேட்டுவிட்டு இத்தனை வருஷம் தேடிய சத்தம் அந்த ரப்பர் வாடை அடிக்கிற அறைக்குள் வந்து நின்றது. நல்லா இருக்கு என்று சொல்லி அதைச் சின்னதாக்க மனசு வரவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றாக இருந்தது. என் வாழ்நாளில் நான் சேர்த்துக் கோர்த்ததில் அதுதான் உசத்தி, அதில் உசத்தியான குரல் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது.

ஆல்பம் வெளிவந்துவிட்டது, உனக்கே தெரியும். பழைய ரசிகர் ஒருவர் "என் மொட்டைமாடியை இடித்துவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தார். அவரே போன வாரம் "தினமும் காலையில் கேட்கிறேன், மன்னிக்கவும்" என்று எழுதினார். கம்பெனிக்காரர் இன்னும் அது எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருக்கிறார். ஆனால் அவர் வீட்டம்மா காரில் போகும்போது வேறு எதையும் போடவிடுவதில்லையாம். "தாழ்ப்பாள்" பாட்டின் கடைசியில் நீ தனியாக, "உள்ளேதான் இருக்கேன், தள்ளிட்டு வா" என்று பாடும் இடத்தை வாத்தியாரம்மாவின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு பாடித் திரிகிறார்களாம். கீச்சுக்கீச்சு நின்றது என்று அவளுக்கு நிம்மதி.

அத்தையின் காது மெஷின் உன் பார்சலில் பத்திரமாக வந்தது. நீ எழுதியிருந்தபடி மாட்டிவிட்டோம். முதலில் மின்விசிறி இரைகிறது என்று திட்டினார். பிறகு பழைய சிடியைப் போடச் சொன்னார். அந்த இடம் வந்தது. அத்தை இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "பாடியிருக்கா! நிறுத்தவே இல்லடி, பாடிக்கிட்டேதான் இருந்திருக்கா" என்றார். காது குளிர அந்தப் பாட்டைக் கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம், "புதுச மாத்து" என்றார். மாற்றினேன். எல்லாப் பாட்டையும் வரிசையாகக் கேட்டார். "தாழ்ப்பாள்" ஆரம்பித்ததும் மெதுவாகக் காதிலிருந்து மெஷினைக் கழற்றி, மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்தார். "ஏன் அத்தை, உறுத்துதா?" என்றேன்.

"இவ பாடுறதக் கேக்க எனக்கு மெஷின் எதுக்கு?" என்றார்.

தினமும் இப்படித்தான் செய்கிறார். நீ வைவாயோ என்று பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

உன்,
அண்ணி


மே 8

அன்புள்ள அண்ணிக்கு,

மெஷினை அடிக்கடி கழற்றி மாட்டக்கூடாது. காலையில் மாட்டினால் படுக்கப்போகும்போதுதான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் காது அதற்குப் பழகாது. மேஜையில் வைக்கவும் கூடாது, டப்பாவில் வைக்க வேண்டும். நம் டப்பாவைச் சொல்லவில்லை. அம்மாவிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் நாத்தனார் சொன்னதாக வேண்டாம், கிளினிக்கில் சொன்னார்கள் என்று சொல்லுங்கள், அப்போதுதான் கேட்பார்.

அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கழற்றிக்கொள்ளட்டும்.